பிரித்தானியப் புகையிரதச் சமிக்ஞையாளர்: தொழில், பயிற்சி, பொறுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் நீராவி இயந்திரத்தைப் பற்றியும் அதனை ஆக்கியோரைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். ஜோர்ஜ் ஸ்ரீபன்சன், இசம்பாட் புரூனெல் ஆகியோரின் பெயர்கள் பாடசாலை மாணவரும் அறிந்தவை. ஆயின், அவ்வியந்திரங்கள் ஒன்றோடொன்று மோதாது இரவும் பகலும் ஓடுவதற்குக் காரணமாயிருந்த சமிக்ஞையாளர், விபத்து நேர்ந்த நாளிலன்றி வேறெந்நாளிலும் வரலாற்றேட்டில் இடம்பெற்றாரில்லை. விபத்து நேர்ந்த நாளிலும் அவர் இடம்பெற்றது குற்றவாளியாகவேயாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடக்கம் பிரித்தானியாவில் இத்தொழில் எவ்வாறு உருவாகியது, அதற்கான பயிற்சி எத்தகையதாக அமைந்தது, அத்தொழிலின் மீது சுமத்தப்பட்ட பொறுப்பு எவ்வளவுக்கு நியாயமானது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காவலராகத் தொடங்கிய சமிக்ஞையாளர்

1825ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆந் திகதி ஸ்ரொக்ரன் – டார்லிங்ரன் பாதை திறக்கப்பட்டபோதும், 1830ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆந் திகதி லிவர்பூல் – மன்செஸ்ரர் பாதை திறக்கப்பட்டபோதும் சமிக்ஞையாளர் என்றொரு தொழிலாளர் பிரிவு இருக்கவில்லை. லிவர்பூல் – மன்செஸ்ரர் பாதையின் திறப்பு விழாவன்றே பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் ‘றொக்கற்’ இயந்திரத்தில் அடிபட்டு மாண்டார். வேகமாக வரும் வண்டியை மனிதக் கண்ணால் மதிப்பிடுதல் எவ்வளவு கடினம் என்பதை அச்சம்பவம் முதல் நாளிலேயே உணர்த்தியது.

தொடக்கத்தில் பாதையைக் காக்கும் பணி புகையிரதக் கம்பனிகளின் பொலிஸ்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாதையோரத்தில் நின்று, அத்துமீறுவோரை விரட்டி, பாதை மாற்றிகளைத் திருப்பி, கைகளாலும் கொடிகளாலும் இரவில் விளக்குகளாலும் வண்டிகளுக்கு வழிகாட்டியவர் இவரே. இலண்டன் பொலிஸ் படையை நிறுவிய றொபேட் பீலின் பெயரையொட்டிப் பொலிஸ்காரரைப் ‘பொபி’ எனப் பொதுமக்கள் அழைத்தனர். சமிக்ஞைப் பணி பொலிஸ் பணியிலிருந்து பிரிந்த பின்னரும், இருபதாம் நூற்றாண்டிலுங்கூட, புகையிரதத் தொழிலாளர் தம் சமிக்ஞையாளரைப் ‘பொபி’ என்றே அழைத்து வந்தமை இத்தொழிலின் மூலத்தை இன்றும் நமக்கு நினைவூட்டுகின்றது.

அக்காலத்தில் அவர்களிடமிருந்த கருவி மணற் கடிகாரமே எனலாம். ஒரு வண்டி கடந்து சென்றபின் குறித்த சில நிமிடங்கள்வரை அபாயச் சமிக்ஞை காட்டப்படும். அதன்பின் மேலுஞ் சில நிமிடங்களுக்கு எச்சரிக்கைச் சமிக்ஞை காட்டப்படும். அதன்பின் பாதை வெறுமையாயுள்ளதெனக் கொள்ளப்படும். இது ‘கால இடைவெளி முறை’ எனப்பட்டது. முன்சென்ற வண்டி கண்ணுக்கு மறைவான இடத்தில் பழுதடைந்து நின்றிருக்குமாயின், அதை அறிவதற்குக் காவலரிடம் எவ்வழியும் இருக்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்பதை மட்டுமே அவர் அறிவார். பாதையின் நிலையை அவர் அறியார்.

இதற்கான மாற்று விரைவிலேயே கண்டறியப்பட்டது. 1837இல் வில்லியம் குக், சாள்ஸ் வீற்ஸ்ரன் ஆகியோரின் மின் தந்தி யூஸ்ரனுக்கும் கம்டனுக்கும் இடையே பரிசோதிக்கப்பட்டது. 1841இல் சாள்ஸ் ஹற்றன் கிறெகரி என்பார் நியூ குறொஸ் என்னுமிடத்தில் கைகாட்டி மரத்தை நிறுவினார். பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு வண்டியை மட்டுமே அனுமதித்தல் வேண்டும் என்னும் கருத்தை 1842இல் குக் நூலாகவே வெளியிட்டார். ‘பிளொக் முறை’ எனப்பட்ட இதற்கும் கால இடைவெளி முறைக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. ஒன்று காலத்தை அளந்து பாதுகாப்பை ஊகிக்கின்றது. மற்றையது இடத்தை அளந்து பாதுகாப்பை உறுதிசெய்கின்றது. எனினும் இம்முறை நாடெங்கும் கட்டாயமாவதற்கு 1889ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த 47 ஆண்டுத் தாமதத்தின் விலையைச் செலுத்தியோர் பயணிகளும் சமிக்ஞையாளருமே.

கிளேற்றன் சுரங்கமும் 24 மணி நேர வேலையும்

1861ஆம் ஆண்டு ஓகஸ்ற் 25ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, பிரைற்றனிலிருந்து மூன்று வண்டிகள் இலண்டனை நோக்கிப் புறப்பட்டன. ஐந்து நிமிட இடைவெளியாவது இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆயின், அவை மூன்று, நான்கு நிமிட இடைவெளிகளிலேயே அனுப்பப்பட்டன. வழியிலிருந்த கிளேற்றன் சுரங்கத்தின் இரு வாயில்களிலும் இரு சமிக்ஞையாளர் தந்திக் கருவியுடன் பணியிலிருந்தனர்.

முதல் வண்டி சுரங்கத்துள் நுழைந்தபோது தானாகவே அபாய நிலைக்குத் திரும்பவேண்டிய சமிக்ஞை திரும்பவில்லை. தென்வாயிற் சமிக்ஞையாளர் செங்கொடியுடன் ஓடிவந்தபோது இரண்டாவது வண்டி சுரங்கத்துள் நுழைந்துகொண்டிருந்தது. அதன் சாரதி கொடியைக் கண்டாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. சுரங்கம் வெறுமையாயுள்ளதா எனத் தந்தி மூலம் வினவினார். முதல் வண்டி வெளியேறியதைக் கண்ட வடவாயிற் சமிக்ஞையாளர் ‘வெறுமை’ என விடையளித்தார். வினவியவர் கருதியது இரண்டாவது வண்டியை. விடையளித்தவர் கருதியது முதல் வண்டியை. இரண்டாவது வண்டியின் சாரதியோ கொடியைக் கண்டு, சுரங்கத்துள் நிறுத்தி, வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக்கொண்டிருந்தார். வெண்கொடி பெற்ற மூன்றாவது வண்டி அதன்மீது மோதியது. 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர்.

இவ்விபத்தில் மொழியின் போதாமையை முதலில் நோக்கலாம். எந்த வண்டி என்பதைக் குறிப்பிடாத ஒரு சொல் இருபத்து மூன்று உயிர்களைக் கொண்டது. ஆயின் அதனினும் முதன்மையான செய்தி விசாரணையிலேயே வெளிவந்தது. தென்வாயிற் சமிக்ஞையாளர் அன்று 24 மணி நேர வேலையில் அமர்ந்திருந்தார். வழக்கமான 18 மணி நேரத்துக்குப் பதிலாக அவ்வாறு உழைத்தாற்றான் வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு அவருக்குக் கிடைக்கும். அரசாங்கப் பரிசோதகர் தம் அறிக்கையில் இந்நிலையைக் கண்டித்தார். கண்டித்தாரேயன்றிக் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை.

ஈண்டுச் சட்ட வரலாறு கூர்ந்து நோக்கற்பாலது. 1840ஆம் ஆண்டின் புகையிரத ஒழுங்குச் சட்டம் பரிசோதகர்களை நியமிக்க வழிசெய்தது. கடமையில் தவறிய புகையிரத ஊழியரைச் சிறையிலிடவும் அதே சட்டம் இடமளித்தது. ஆயின், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பாதைகளில் பிளொக் முறையை அமைக்கும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் 1889இலேயே வந்தது. ஆகவே தொழிலாளியைத் தண்டிக்கும் சட்டத்துக்கும், அவன் தவறாதிருக்க வேண்டிய கருவியை வழங்கும்படி முதலாளியைப் பணிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி காணப்படுகின்றது. தனியுடைமையில் அரசு தலையிடலாகாது என்னும் அக்காலப் பொருளாதாரக் கொள்கையே இவ்விடைவெளிக்குத் தத்துவ நியாயம் வழங்கியது. பரிசோதகர்கள் பரிந்துரைப்பதும் கம்பனிகள் செலவைக் காட்டி மறுப்பதும் அக்காலத்தின் வழக்கமாயின.

1866இல் சாள்ஸ் டிக்கன்ஸ் ‘சமிக்ஞையாளர்’ என்னும் சிறுகதையை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலே ஸ்ரேபிள்ஹேஸ்ற் விபத்திற் சிக்கி உயிர் தப்பியவர் அவர். சுரங்க வாயிலில் தனிமையும் அச்சமும் சூழ வாழும் ஒருவரைக் கதைமாந்தராக அவர் தெரிந்துகொண்டமை, இத்தொழிலின் மனச்சுமையை அக்கால எழுத்துலகம் உணரத் தொடங்கியமைக்குச் சான்றாகும்.

நெம்புகோலும் மணியோசையும்

1856இல் ஜோன் சக்ஸ்பி என்பார் பாதை மாற்றிகளையும் கைகாட்டிகளையும் ஒருங்கே இயக்கும் பொறிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். தச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். 1860ஐ அடுத்து இது மேலுந் திருத்தம் பெற்று ‘இடைப்பூட்டு’ முறையாக வளர்ந்தது. பாதை ஒரு திசைக்குத் திரும்பியிருக்கையில் அதற்கு முரணான கைகாட்டியை இறக்க முயன்றால் நெம்புகோல் அசையாது. இதனால் ஒருவகைத் தவறு இயந்திர ரீதியாகவே இயலாததாயிற்று. பாதையோரத்திற் சிதறிக் கிடந்த நெம்புகோல்கள் யாவும் கண்ணாடிச் சாளரங்களையுடைய உயர்ந்த அறையொன்றில் வரிசையாக நிறுத்தப்பட்டன. வெயிலிலும் மழையிலும் கொடியுடன் நின்ற காவலர் இவ்வாறே சமிக்ஞை அறையின் தொழில்நுட்பத் தொழிலாளியானார்.

அவ்வறையின் ஒழுங்கு தனித்தன்மை வாய்ந்தது. நிறுத்தற் கைகாட்டிகளுக்குரிய நெம்புகோல்கள் செந்நிறம். பாதை மாற்றிகளுக்குரியவை கருநிறம். மாற்றிகளைப் பூட்டுவன நீலம். பயன்பாடற்றவை வெண்மை. வியர்வைபட்டுத் துருவேறாதிருக்க, கையிற் துணியொன்றைச் சுற்றியே நெம்புகோலைப் பற்றுவர். ஆயிரம் யார் வரையான தூரத்திலுள்ள கைகாட்டியைக் கம்பியால் இழுப்பதற்கு உடல்வலுவும் உத்தியும் ஒருங்கே வேண்டப்பட்டன.

அறைகளுக்கிடையே பேசிய மொழி மணியோசையாகும். விரைவுவண்டியொன்று வருகின்றதெனக் கொள்வோம். முதலாம் அறையினர் ஒரு முறை மணியடித்துக் கவனத்தைக் கோருவார். இரண்டாம் அறையினர் அதனைத் திருப்பியடிப்பார். பின் நான்கு முறை அடித்தால், ‘விரைவுவண்டிக்குப் பாதை வெறுமையாயுள்ளதா?’ என்பது பொருள். சாதாரண பயணிகள் வண்டியாயின் மூன்றும் ஒன்றுமாக அடிக்கப்படும். தம் பகுதி வெறுமையாயிருந்தாற் மட்டுமே இரண்டாம் அறையினர் அதனைத் திருப்பியடித்துக் கருவியின் முள்ளைப் ‘பாதை வெறுமை’ என்னும் நிலைக்குத் திருப்புவார். வண்டி பகுதியினுள் நுழைந்ததும் இரண்டு மணி. உடனே முள் ‘பாதையில் வண்டி’ என்னும் நிலைக்கு மாறும். வண்டி கடந்து செல்கையில் அதன் கடைசிப் பெட்டியில் வால்விளக்கு உள்ளதா எனச் சமிக்ஞையாளர் கண்ணாற் காணவேண்டும். விளக்கு இல்லையெனில், வண்டியின் ஒரு பகுதி அறுந்து பின்னே தங்கியிருக்கக்கூடும். விளக்கைக் கண்ட பின்னரே இரண்டும் ஒன்றுமாக அடித்து, ‘வண்டி பகுதியை விட்டகன்றது’ என அறிவிப்பார். ஆறு மணி தொடர்ந்து ஒலித்தால் அபாயம். யாவும் நிறுத்தப்பட வேண்டும். ஒவ்வொரு மணியும் அது ஒலித்த நிமிடத்துடன் வண்டிப் பதிவேட்டில் எழுதப்பட்டது. கிளேற்றனிற் பொருள் மயங்கிய சொல்லுக்குப் பதிலாக, பொருள் மயங்காத ஒரு மொழியே இங்கு ஆக்கப்பட்டது எனலாம்.

பயிற்சி

இம்மொழியைக் கற்பித்த முதற் பள்ளி சமிக்ஞை அறையேயாகும். பெரிய அறைகளில் பதிவேட்டை எழுதுவதற்குச் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். பாடசாலையை விட்ட பதினான்கு வயதளவில் அவர்கள் வேலைக்கு வந்தனர். மணியோசைகளை எழுதி எழுதியே அவற்றைச் செவியாற் பிரித்தறியும் ஆற்றலை அவர்கள் பெற்றனர். வளர்ந்தபின் ஓர் அறையின் சமிக்ஞையாளருக்கு அருகில் நின்று, அவர் மேற்பார்வையில் நெம்புகோல்களை இயக்கி ‘அறையைக் கற்றனர்’. ஒவ்வொரு அறையும் தனித்தனியே கற்கப்படவேண்டியதாயிருந்தது. பாதையின் சரிவு, வளைவு, பனிமூட்டம் படியும் இடம் ஆகியவை அறைக்கு அறை வேறுபட்டன.

விதி நூலை மனனஞ் செய்தல் பயிற்சியின் மறுபாதியாகும். மாவட்டப் பரிசோதகர் முன்னிலையில் வாய்மொழிப் பரீட்சை நடைபெறும். வண்டி அறுந்தால் என்ன செய்வாய், கருவி பழுதடைந்தால் என்ன செய்வாய் என வினாக்கள் தொடுக்கப்படும். பார்வையும் நிறமறி ஆற்றலும் சோதிக்கப்படும். தேறியவர் வண்டிகள் குறைந்த சிற்றறையொன்றில் முதலிற் பணியமர்த்தப்படுவார். பின்னர் படிப்படியாகப் பெரிய அறைகளுக்கு உயர்வார். அறையின் வேலைப்பளுவையொட்டியே சம்பளமும் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லங்காஷயர் – யோக்ஷயர் புகையிரதக் கம்பனி மன்செஸ்ரர் விக்ரோறியா நிலையத்திற் சமிக்ஞைப் பள்ளியொன்றை நடத்தியது. அங்கு சிறிய மாதிரிப் பாதையில் வண்டிகளை ஓட்டி மாணவர் பழகினர். அம்மாதிரிப் பாதை யோக் நகரிலுள்ள தேசியப் புகையிரத அரும்பொருட் காட்சிச்சாலையைச் சேர்ந்துள்ளது.

விதி நூலின் பல பக்கங்கள் ஏதோவொரு விபத்தை நினைவூட்டுவன என்பது மனங்கொள்ளத்தக்கது. 1874 செப்ரெம்பரில் தோர்ப் என்னுமிடத்தில் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி 25 பேர் மாண்டனர். தந்திச் செய்தியொன்று ஒப்பமின்றி அனுப்பப்பட்டமையே காரணம். இதன் விளைவாக எட்வேட் ரையர் என்பார் ‘ரப்லெற்’ முறையை உருவாக்கி 1878இற் காப்புரிமை பெற்றார். இரு நிலையங்களின் கருவிகளும் மின்னால் இணைக்கப்பட்டு, ஒரே நேரத்தில் ஒரு வட்டத் தகடு மட்டுமே வெளிவரும். தகடு கையிலில்லாத சாரதி ஒற்றைப் பாதையில் நுழையலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் நீண்ட காலம் இம்முறையே வழங்கியது. நிலைய மேடையில் நிற்பவரும் இயந்திரத்தில் வருபவரும் வளையத்திற் கோத்த தகட்டைக் கைமாற்றும் காட்சியை இந்நாட்டுப் பயணிகள் நன்கறிவர். அக்காட்சிக்குப் பின்னால் தோர்ப்பில் மாண்டோரின் நினைவு உள்ளதென்பதைச் சிலரே அறிவர்.

1876 சனவரியில் அபற்ஸ் றிப்ரன் என்னுமிடத்திற் பனி உறைந்து கைகாட்டிகள் ‘வழி’ நிலையிலேயே நின்றுவிட்டன. அதன் பின்னரே கைகாட்டியின் இயல்பான நிலை அபாயமாக இருத்தல் வேண்டும் என்னுங் கொள்கை நிலைபெற்றது. 1889 யூன் 12ஆந் திகதி அயர்லாந்தின் ஆர்மா நகரருகே ஞாயிறு பாடசாலைச் சுற்றுலா வண்டியொன்று விபத்துக்குள்ளாகி, சிறுவர் பலர் உட்பட 80 பேர் மாண்டனர். அங்கும் கால இடைவெளி முறையே வழக்கிலிருந்தது. மூன்று மாதம் முடியுமுன் பாராளுமன்றம் பிளொக் முறை, இடைப்பூட்டு, தொடர் தடுப்பு ஆகிய மூன்றையும் பயணிகள் பாதைகளிற் கட்டாயமாக்கியது.

நினைவும் மறதியும்

கருவிகள் வந்தன. ஆயின், வேலை நேரம் அவ்வளவு விரைவாகக் குறையவில்லை. 12 மணி நேர வேலை பல அறைகளில் வழமையாயிருந்தது. 1880இல் பாதை மாற்றுவோரும் சமிக்ஞையாளரும் தமக்கெனத் தொழிற்சங்கமொன்றை அமைத்தனர். 1890 டிசெம்பரில் ஸ்கொத்லாந்துப் புகையிரதத் தொழிலாளர் நீண்ட வேலை நேரத்துக்கெதிராக வேலைநிறுத்தஞ் செய்தனர். 1893இல் வேலை நேரச் சட்டம் வந்தது. சமிக்ஞையாளர் சங்கம் 1913இல் வேறு இரு சங்கங்களுடன் இணைந்து தேசியப் புகையிரதத் தொழிலாளர் சங்கமாயிற்று. எட்டு மணி நேர வேலைநாள் 1919இலேயே கைகூடியது.

இடைப்பூட்டாலும் தடுக்க இயலாத தவறு ஒன்றிருந்தது. அது மறதியாகும். 1910ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாள் அதிகாலையில் ஹோஸ் சந்தியின் சமிக்ஞையாளர் தம் வேலை நேரத்தின் பத்தாவது மணியளவில், தாம் பாதையில் நிறுத்திவைத்த இரு இயந்திரங்களை மறந்து விரைவுவண்டிக்கு வழிவிட்டார். 12 பேர் மாண்டனர். தண்டவாளத்திலேயே மின்னோட்டஞ் செலுத்தி வண்டியின் இருப்பை அறியும் மின்சுற்று இவ்விபத்தைத் தடுத்திருக்கும். அமெரிக்காவில் வில்லியம் றொபின்சன் அதற்கு 1872இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

1915 மே 22ஆந் திகதி குவின்ரின்ஸ்ஹில்லில் நேர்ந்ததோ பிரித்தானியப் புகையிரத வரலாற்றின் மிகப்பெரிய விபத்தாகும். இரு சமிக்ஞையாளர்களும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். பகல் வேலைக்காரர் ஆறு மணிக்கு வரவேண்டியவர். அவர் அரைமணி தாமதித்து உள்ளூர் வண்டியில் வருவார். இடைப்பட்ட பதிவுகளை இரவு வேலைக்காரர் தாளொன்றில் எழுதிவைக்க, வந்தவர் தம் கையெழுத்திற் பதிவேட்டில் படியெடுப்பார். அன்று அவர் வந்த உள்ளூர் வண்டியே எதிர்ப்பாதையில் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. படியெடுப்பதில் மூழ்கிய அவர் சாளரத்துக்கு வெளியே நின்ற அவ்வண்டியை மறந்து, படைவீரர் வண்டிக்கு வழிவிட்டார். மோதிய வண்டிகளின் மீது இரவு விரைவுவண்டியும் வந்து மோதியது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் லீத் நகரைச் சேர்ந்த படைவீரராவர்.

நெம்புகோலின் பிடியில் நினைவூட்டு வளையத்தை மாட்டும் விதி கைக்கொள்ளப்படவில்லை. பாதை தடைப்பட்டுள்ளதென அடுத்த அறைக்கு மணியடிக்கப்படவில்லை. உள்ளூர் வண்டியின் தீயாள் விதிப்படி அறைக்கு வந்து பதிவேட்டில் ஒப்பமிட்டாரெனினும் வளையம் மாட்டப்பட்டுள்ளதா என நோக்கவில்லை. விதிகள் மூன்றும் கற்பிக்கப்பட்டவையே; பழக்கம் அவற்றைத் தேய்த்துவிட்டது. ஒருவருக்கு மூன்றாண்டும் மற்றவருக்கு ஒன்றரையாண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. 1916 டிசெம்பரில் இருவரும் விடுதலையாகினர். இவர்கள் தவறிழைத்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின், பரபரப்பான அவ்வறையின் பாதையில் மின்சுற்று இருந்திருப்பின் அத்தவறு ஒரு பூட்டோடு முடிந்திருக்கும் என்பதும் ஐயமற்றதே. நீதிமன்றக் கூண்டில் நிறுத்தப்பட்டோர் தொழிலாளர் மட்டுமே.

முடிவுரை

இருபதாம் நூற்றாண்டில் தண்டவாள மின்சுற்றும், நிறவிளக்குகளும், பொத்தான் பலகைகளும், 1985இல் லெமிங்ரனில் தொடங்கிய கணினி இடைப்பூட்டும் இத்தொழிலின் உருவத்தை மாற்றின. உலகப் போர்க் காலங்களிற் பெண்களும் சமிக்ஞை அறைகளில் பணியாற்றி, இத்தொழிலுக்கு ஆண்மை ஒரு தகைமையன்று என நிறுவினர். ஒரு காலத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டிருந்த சமிக்ஞை அறைகள் படிப்படியாக மூடப்பட்டு, அவற்றின் வேலை சில நிலையங்களிற் குவிக்கப்பட்டு வருகின்றது.

ஆயினும் பழைய வினா மறையவில்லை. 1988 டிசெம்பர் 12ஆந் திகதி கிளபம் சந்தியில் 35 பேர் மாண்டனர். சமிக்ஞைக் கம்பியொன்று தவறாக விடப்பட்டிருந்தது. அதனை விட்ட தொழில்நுட்பத் தொழிலாளி முந்திய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள் மட்டுமே ஓய்வு பெற்றிருந்தார் என 1989இல் வெளிவந்த விசாரணை அறிக்கை காட்டியது. கிளேற்றனில் 24 மணி நேரம் விழித்திருந்தவருக்கும் இவருக்கும் இடையே 127 ஆண்டுகள் கடந்திருந்தன. கருவி மாறியது, களைப்பு மாறவில்லை.

பயிற்சியும் விதியும் இன்றியமையாதன. அவை இன்றேல் மணியோசை வெறும் ஓசையே. ஆயின், மனிதன் மறப்பவன், களைப்பவன் என்பதை ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்ட முறைகளே உயிர்களைக் காத்தன என்பதையும், மறவாதே எனக் கட்டளையிட்டுத் தண்டனையை மட்டும் ஆயத்தமாய் வைத்திருந்த முறைகள் காக்கத் தவறின என்பதையும் இவ்வரலாறு தெளிவுறுத்துகின்றது. விபத்தொன்று நேர்ந்தவிடத்து ‘யார் தவறினார்?’ என்ற வினாவோடு நின்றுவிடாது, ‘அவர் தவறும்படி விட்டவர் யார்?’ என்பதையும் வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.